நடுக்கடலில் நின்ற கப்பல்

"சாமி, நான் கொலைகாரனா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள்" என்றார் வயிரவன்.

மடத்துத் திண்ணையில் அடிகள் புளி உடைத்துக்கொண்டிருந்தார். வயிரவனைவிடப் பத்து வயது சிறியவர்.

"என்ன நடந்தது?"

வயிரவன் சிங்கப்பூரில் எண்ணெய் வியாபாரி. கச்சா எண்ணெயைக் கப்பல் கப்பலாக வாங்கி விற்பவர். வளைகுடாவில் சண்டை வரப்போகிறது என்ற பேச்சு எழுந்ததும், சரக்கோடு வந்துகொண்டிருந்த கப்பலை நடுக்கடலிலேயே நிறுத்தச் சொன்னார். விலை ஏறட்டும் என்று.

கப்பலில் ஒரு மாலுமிக்குத் தாங்க முடியாத வயிற்றுவலி. கரைக்கு வரட்டுமா என்று கேப்டன் கேட்டார்.

"நாலு நாள் பொறுக்கச் சொன்னேன் சாமி. மூன்றாம் நாள் போய்விட்டான்."

"எதற்குப் பொறுக்கச் சொன்னீர்கள்?"

"சந்தை அப்படி. நான் நிறுத்தாவிட்டால் இன்னொருவன் நிறுத்துவான்."

அடிகள் ஒரு கொட்டையைத் தள்ளிப் போட்டார்.

"எனக்குச் சந்தை தெரியாது. அவனைப் பெற்றவளிடம் போய் இதைப் புரியும்படி சொல்லிவிட்டு வாருங்கள். பிறகு பதில் சொல்கிறேன்."

மாலுமியின் பெயர் ரெமிஜியுஸ். தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலோரத்தில் வீடு. தாய் லூர்தம்மாள் பாயை விரித்தாள்.

வயிரவன் உட்காரவில்லை. "கப்பலை நிறுத்தச் சொன்னது நான்தான் அம்மா" என்றார்.

அவள் அழவில்லை.

"எதுக்குன்னு சொல்லுங்கய்யா. யாரும் எங்கிட்டச் சொல்லலை."

சொன்னார். பாலைவனத்துக்கு அடியிலிருந்து எண்ணெய் எடுப்பதை. அதைக் காய்ச்சிப் பெட்ரோலாகவும் டீசலாகவும் பிரிப்பதை.

"எங்க வள்ளத்துக்கு ஊத்துற டீசலுமா?"

"அதுவும்தான்."

எங்கோ சண்டை என்றால் இங்கே விலை ஏறுவதை. ஏறும் என்ற பேச்சு கிளம்பினாலே ஏறிவிடுவதை. இன்றைக்கு விற்பதைவிட நாளைக்கு விற்றால் லாபம் என்றால், கப்பலைக் கடலில் நிறுத்திவிடுவதை.

அவள் ஒரு சொல்லையும் தவறவிடாமல் கேட்டாள். புரியாத இடத்தில் திரும்பச் சொல்லச் சொன்னாள்.

"அப்ப, அந்த நாலு நாளும் வெலைக்காகத்தான் நின்னுச்சு."

"ஆமாம்மா."

"ஏறுச்சாய்யா?"



"ஏறுச்சும்மா."

லூர்தம்மாள் பெருமூச்சு விட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எம் புள்ள போனதுக்கு அதாச்சும் நடந்துச்சே" என்றாள்.