மங்கிய தாளில் எரியும் வயல்

“என் ஏரிப் படத்துல தண்ணி மேல வெயில் விழவே மாட்டேங்குது, டீச்சர். திங்கட்கிழமை கண்காட்சியிலேர்ந்து என் பேரை எடுத்துடுங்க,” என்றார் கலியபெருமாள்.

நில அளவைத் துறையில் முப்பது வருஷம் வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர். புதுச்சேரியில் ரெஜினாவின் அச்சுக்கூடத்தில், செப்புத் தகட்டில் கோடு கீறி, மை பூசி, தாளில் அழுத்தி எடுக்கக் கற்றுக்கொண்டிருந்தார். ரெஜினா அவரைவிட இருபது வயது இளையவர்.

“என்ன செஞ்சு பாத்தீங்க, சார்?”

“தண்ணியில இருந்த கோடு எல்லாத்தையும் சுரண்டித் தேய்ச்சுட்டேன். இனிமே வெளுக்க இடமே இல்ல.”

சுவரைக் காட்டினார். முந்நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய டச்சு நிலக்காட்சி அச்சு அங்கே தொங்கியது. பரோக் எனப்படும் பழைய ஐரோப்பியக் கலைக் காலத்து வேலை. மழை மேகம், கறுத்த தோப்பு, முன்னால் இருண்ட பள்ளம், நடுவில் வெயில் வாங்கும் ஒரு கோதுமை வயல்.

“அந்த ஆளு வயலைப் பத்த வச்சிருக்கான். அவனுக்கு மட்டும் எங்கேர்ந்து அப்படியொரு வெள்ளைத் தாள் கிடைச்சுது?”

ரெஜினா படத்தை இறக்கினார். சட்டத்தின் கண்ணாடியைக் கழற்றினார்.

மேகத்தின் மேல் ஒரு வெற்றுத் தாள் வைத்தார். தோப்பின் மேல் ஒன்று. முன்னால் இருந்த பள்ளத்தின் மேல் ஒன்று. வயல் மட்டும் மிஞ்சியது. அதன் பக்கத்தில் கலியபெருமாளின் ஏரி அச்சை வைத்தார்.

“எது வெளுப்பு, சார்?”

அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். வயல், டீ சிந்திய வேட்டி போலப் பழுத்துக் கிடந்தது.

“என்னோடதுதான்.”

அவராலேயே நம்ப முடியவில்லை.

ரெஜினா ஒரு தாளை எடுத்தார். மேகம் வந்தது. இன்னொன்றை எடுத்தார். தோப்பு வந்தது. மூன்றாவதை எடுத்ததும் வயல் பற்றிக்கொண்டது.

கலியபெருமாள் தாள்களை வாங்கித் தானே மூடினார். திறந்தார். மறுபடி மூடித் திறந்தார்.

பிறகு போய்த் தன் தகட்டை எடுத்து வந்தார்.

அதில் ஏரியின் இக்கரையில் ஓர் ஆலமரம். நான்கு மாத உழைப்பு. ஒவ்வோர் இலையும் தனித்தனியாக, ஒவ்வொரு விழுதும் எண்ணும்படியாக. அச்சுக்கூடத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் பாராட்டியது அந்த மரத்தைத்தான்.

ஊசியை எடுத்தார். மை தங்கி மரமே கறுத்து விழும்படி, இலைகளின் மேல் குறுக்கும் நெடுக்குமாக நெருக்கிக் கீறத் தொடங்கினார். 

ரெஜினா பதறிப்போனார்.

“சார், பாதி மரத்தையாவது விடுங்களேன்!”

கலியபெருமாள் நிமிரவில்லை.

“மரம் எங்கயும் போயிடாது, டீச்சர். முதல்ல வெயில் வரட்டும்.”