கூட்டில் இருந்த களிமண்

ஒரு காட்டில், ஓடைக்கு மேல் சாய்ந்து நின்ற கருவேல மரத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு பின்னிக்கொண்டிருந்தன. பின்னும் வித்தையை அவை ஒளித்து வைப்பதில்லை. யார் வேண்டுமானாலும் நின்று பார்க்கலாம், கேட்கலாம். மிஞ்சிய கூட்டில் குடியேறவும் செய்யலாம்.

அப்படிக் குடியேறியது ஒரு சில்லைக் குருவி. அதுவரை அது மரப்பொந்தில் வாழ்ந்தது. பொந்தில் எறும்பும் பூஞ்சையும் ஓயாத தொல்லை. அதைச் சுத்தம் செய்ய அடிக்கடி ஒரு மைனா வரும், அலகு நிறையத் தினை வாங்கிக்கொண்டு போகும்.

"இந்தக் கூட்டை எப்படிப் பராமரிப்பது?" என்று சில்லை கேட்டது.

"நீ போடும் உமியையும் உன் உதிர்ந்த இறகையும் வெளியே தள்ளு, போதும்," என்றது தூக்கணாங்குருவி.

"அவ்வளவுதானா?"

சில்லைக்கு நம்பிக்கை வரவில்லை. பழக்கம் யாரை விட்டது? முட்டையிட்ட பிறகு பயமும் சேர்ந்துகொண்டது. மைனாவைக் கூப்பிட்டது.

மைனா உள்ளே தலையை விட்டுப் பார்த்தது. "ஐயையோ! சுவரெல்லாம் மண்! இந்த அழுக்கிலா குஞ்சு பொரிக்கப் போகிறாய்?"

"ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது, அக்கா. எதற்கென்று தெரியவில்லை."

"தெரியாவிட்டால் குப்பைதான். எத்தனை பொந்து பார்த்தவள் நான்!"

அடுத்த கிளையில் தூக்கணாங்குருவி பின்னிக்கொண்டுதான் இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை. மைனா மண்கட்டிகளை ஒவ்வொன்றாகக் கொத்தி ஓடையில் போட்டது.

"கூடு இப்போது எவ்வளவு இலேசு பார்!" என்று தினையை வாங்கிக்கொண்டு பறந்தது. சில்லைக்கும் மனம் குளிர்ந்தது.

மாலையில் காற்று பலமாக அடித்தது. மற்றக் கூடுகள் ஆடின, ஆடி நின்றன. சில்லையின் கூடு மட்டும் சுழன்று தலைகீழானது. முட்டைகள் ஓடையில் விழுந்தன. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான்.

சில்லை கதறிய சத்தம் கேட்டுத் தூக்கணாங்குருவி வந்தது. கூட்டின் சுவரைப் பார்த்தது.

"காற்றில் கூடு புரளாமல் இருக்க நாங்கள் வைத்த பாரம் அந்த மண். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே," என்றது.

மறுநாள் மைனா வந்து கூட்டுக்குள் எட்டிப் பார்த்தது.

"அடடா, உள்ளே ஒரு துரும்புகூட இல்லை. வீடென்றால் இப்படித்தான் வைத்துக்கொள்ள வேண்டும்," என்றது.

நீதி: பழுதில்லாததைப் பழுது பார்க்க ஆள் தேடாதே; எதற்கென்று தெரியாததைக் குப்பை என்று எறியாதே.