வெள்ளாவி வைக்கப் போனவள் வீடு

கீழக்காவலூர் ராஜாவுக்கு நல்ல குணம் ஒன்று உண்டு. அரண்மனையில் வேலை பார்க்கிறவர்களுக்குக் கோட்டைக்கு வெளியே வரிசையாக வீடு கட்டிக் கொடுத்தார். வாடகை மாசம் ரெண்டு மரக்கால் நெல். குடியிருக்கிறவர் காலி செய்யும்வரை அதற்கு மேல் ஒரு மணி நெல்கூடக் கேட்கக்கூடாது என்று சட்டமும் போட்டார். கெட்ட குணமும் ஒன்று உண்டு. போட்ட சட்டத்தை அன்றைக்கே மறந்துவிடுவார்.

வீடுகளைக் கவனிக்கும் மணியக்காரர் வேலப்பர் மறக்கவில்லை. 'காலி செய்யும்வரை' என்ற இடத்தில் ஒரு சந்து இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார்.

அரண்மனைத் துணி வெளுக்கும் செவந்தி ஆற்றங்கரைக்கு வெள்ளாவி வைக்கப் போனாள். துணி விடிய விடிய ஆவியில் வேகவேண்டும். அடுப்பை விட்டு நகர முடியாது. விறகு தள்ளப் புருஷனும் போனான். பிள்ளைகளைத் தனியாக விடமுடியுமா? அவர்களும் போனார்கள். காலையில் திரும்பினால் வீட்டில் வேறு பூட்டு.

"ராத்திரி உள்ள யாருமில்ல. அப்ப காலி பண்ணிட்டன்னுதான அர்த்தம்?" என்றார் வேலப்பர். "புதுசா குடிவரணும்னா எட்டு மரக்கால்."

"என் சட்டி பானையெல்லாம் உள்ளதான சாமி இருக்கு?"

"சட்டி பானையா குடியிருக்கு?"

செவந்தி அம்பலவனிடம் ஓடினாள். ராஜாவிடம் வாயடிக்கத் தைரியமுள்ள ஒரே ஆள் அவன்தான். அவளை நேராக அரண்மனைக்குக் கூட்டிப்போனான். ராஜாவோ ராணி, பிள்ளைகள், சமையல்காரர் என்று எல்லாரோடும் மலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். ஒரு கால் ஏற்கெனவே பல்லக்கில் இருந்தது.

"மகாராஜா, இவ வெளுக்கப் போனது உங்க வேட்டிய. அதுக்கு இவ வீடு போச்சு."

வழியனுப்ப வந்து நின்ற வேலப்பர் முந்திக்கொண்டார். "ஒரு ராத்திரி ஆளில்லன்னா வீடு காலி. விதி எல்லாருக்கும் ஒண்ணுதான மகாராஜா?"

"ஒண்ணுதான், ஒண்ணுதான். அப்படியே நடத்துங்க. ஊறுகாய் ஜாடி ஏத்தியாச்சா?" என்றபடி ராஜா ஏறிவிட்டார்.

செவந்திக்குக் கண் கலங்கியது. "இன்னைக்குப் புள்ளைங்கள எங்கண்ணே படுக்க வைப்பேன்?"

பல்லக்கு தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டே இருந்த அம்பலவன் சொன்னான். "கொஞ்சம் பெரிய வீடாவே பார்த்துடலாம் வா."

மூணு நாள் கழித்து ராஜா வந்தார். அரண்மனைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. உப்பரிகையில் சின்னச் சின்னக் கோவணங்கள் காய்ந்துகொண்டிருந்தன. வெளியே நின்ற காவலர்கள் ஈட்டியும் கையுமாக வானத்தைப் பார்த்தார்கள். அவர்களும் வரிசை வீட்டுக்காரர்கள்தானே.

"யாரது உள்ள?"

மேலே அம்பலவன் தலை தெரிந்தது. "புதுசா குடிவந்தவங்க மகாராஜா. இங்க மூணு ராத்திரி ஆளில்ல."

"டேய், இது என் வீடு. என் சிம்மாசனம் உள்ள இருக்கு."

"சிம்மாசனமா குடியிருக்கு? மணியக்காரரைக் கேளுங்க."

வரவேற்க வந்து நின்ற வேலப்பருக்கு வேர்த்துக் கொட்டியது. அரண்மனை காலிதான் என்றால் ராஜா தெருவில். காலியில்லை என்றால் செவந்தி மறுபடி தன் வீட்டுக்குள்ளே.

"அப்ப நான் எங்கடா தூங்குறது?"

"செவந்தி வீடு சும்மாதான் கிடக்கு. எட்டு மரக்கால். கூரை ஒழுகும். ஒழுகுதுன்னு சொன்னா மணியக்காரருக்குக் காது கேக்காது."

ராஜா வேலப்பரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"குடியிருக்கிறவ தன் வாயால காலி பண்றேன்னு சொல்லி, தன் கையால சாவியைக் கொடுக்கணும். அதுவரைக்கும் அது அவ வீடு, ரெண்டு மரக்கால்தான். வேலப்பா, உன் பூட்டைக் கழட்டு. கூரையில நீயே ஏறி வேய். அம்பலவா, இனிமே அந்த வீடுங்களை நீ பார்த்துக்க. இப்பவாவது கதவைத் திறக்கிறீங்களா?"

தாழ் விலகியது. செவந்தி வாசலில் வந்து நின்று உதட்டில் விரல் வைத்தாள்.

"வாங்க சாமி, மெதுவா வாங்க. சின்னது உங்க கட்டில்ல இப்பத்தான் கண்ணசந்துச்சு."