தொட்டிலுக்கு ஓர் ஆணி

வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். வீடு வாங்கி வாடகைக்கு விட ஆசைப்படுகிறவர் யாராவது இருந்தால் முன்னால் வரட்டும். அவருக்கென்றே ஒரு கதை வைத்திருக்கிறேன்.

முன்னொரு காலத்தில், வாடகைக்குக் குடிக்கூலி என்று பேர் வழங்கிய நாளில், ஒரு ராஜாவுக்குத் திடீரென்று வீட்டுக்காரர் ஆகும் ஆசை வந்தது. உட்கார்ந்த இடத்தில் மாதாமாதம் கூலி வருமாமே! உடனே தெற்கு வீதியில் வரிசையாக வீடுகள் எழும்பின. கட்டியவர் மாளிகை அதிகாரி சங்கரநயினார். "கதவு, உத்தரம் எல்லாம் வைரம் பாய்ந்த தேக்கு, பிரபு!" என்றார். ராஜா குதிரையை விட்டு இறங்காமலே பார்த்தார். கதவுகள் பளபளத்தன. நம்பிவிட்டார்.

புது வீட்டுக்காரருக்கு வரும் புத்தி அவருக்கும் வந்தது. தண்டோரா போட்டார். அரசு வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது. அடுப்பு மூட்டிக் கரி பிடிக்க வைக்கக் கூடாது. விருந்தாளி கூடாது. பிள்ளை அழும் சத்தம் வெளியே கேட்கக் கூடாது. அது ஒழுகுகிறது, இது உடைந்தது என்று முறையிடவும் கூடாது!

யார் வருவார்கள்? ஆடி போய், ஐப்பசி மழையும் கொட்டி ஓய்ந்தது. அந்த வீதியில் ஒரு விளக்கு எரியவில்லை.

ராஜா சபையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். சங்கரநயினாருக்கோ அரசவை விகடன் கூத்தப்பனைக் கண்டாலே ஆகாது. "அரசே, பேச்சால் ஊரையே மயக்குகிறவர் கூத்தப்பன். ஒரு விதியும் தளராமல் அவரே குடி பிடித்துத் தரட்டும். முடியாவிட்டால், தாங்கள் அளித்த வீட்டைக் காலி செய்யட்டும்" என்று கொளுத்திப் போட்டார்.

"நல்ல யோசனை. பௌர்ணமிக்குள் குடி வந்தாக வேண்டும்!" என்றார் ராஜா.

கூத்தப்பன் மனைவி பூவாத்தாளுக்கு அப்போது நிறைமாதம். சேதி கேட்டதும் கண் கலங்கிவிட்டாள்.

"பிள்ளை பொறக்குற நேரத்துல எங்க போறது? தொட்டில் கட்ட ஒரு ஆணி அடிங்கன்னு எத்தனை நாளாச் சொல்றேன். அதுவும் இல்ல, இப்ப வீடும் இல்லையா?"

"அரசு வீடு புள்ள. ஆணி அடிச்சா அதுக்கும் விதி இருக்கு." சொல்லிக்கொண்டே ஏணி வைத்து ஏறி, உத்தரத்தை விரல் முட்டியால் தட்டினான். 'டங்' என்றது.

"அடிக்காத ஆணிக்கு இந்தச் சோதனை வேறயா?"

"பழைய தேக்கு. யானையத் தொங்கவிட்டாலும் தாங்கும்" என்றவன், சட்டென்று ஏதோ தோன்ற, இறங்கித் தெற்கு வீதிக்கு நடையைக் கட்டினான். முதல் வீட்டுக் கதவைத் தட்டினான். 'பொத்' என்றது. காதை வைத்துக் கேட்டான். உள்ளே நறநறவென்று ஏதோ சத்தம். சிரிப்பு பொங்க, வாயைப் பொத்திக்கொண்டான்.

பௌர்ணமியன்று சபைக்கு வந்தான். "அரசே, குடி வந்தாயிற்று."

"ஆணி அடிப்பார்களா?"

"ஆணியைக் கண்ணால்கூடக் கண்டதில்லை."

"அடுப்பு?"

"பச்சையாகவே உண்பவர்கள், பிரபு."

"விருந்தாளி?"

"அத்தனை பேரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். வெளியார் அண்ட முடியாது."

"பிள்ளைகள் அழுமே?"

"ஆயிரக்கணக்கில் பிள்ளைகள். ஒன்றுகூட அழாது!"

ராஜா துள்ளிக் குதித்துத் தெற்கு வீதிக்குக் கிளம்பினார். வீட்டுக்காரர் தோரணையோடு கதவை ஓங்கி ஒரு தட்டு தட்டினார். கை காப்புவரை கதவுக்குள் போய்விட்டது! இழுத்தால், விரலெல்லாம் வெள்ளை வெள்ளையாக ஊறுகிறது.

"யாரடா இவர்கள்?"

"தங்கள் குடிகள், அரசே. கரையான்கள். கூலி மட்டும் தாங்கள்தான் அவர்களுக்குக் கொடுத்து வருகிறீர்கள். இந்த மாதம் கதவு, வரும் மாதம் உத்தரம்."

சங்கரநயினார் முந்திக்கொண்டார். "பூட்டிய வீடு, மழை ஈரம். கரையான் ஏறத்தானே செய்யும், பிரபு?"

"ஏறும், நயினாரே. வைரம் பாய்ந்த தேக்கைத் தின்னுமா?" கூத்தப்பன் கதவை நகத்தால் சுரண்டினான். சாயம் உரிந்தது. உள்ளே மட்டமான இலவம் பலகை பல்லை இளித்தது.

ராஜா தன் கையைப் பார்த்தார், ஓட்டையைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "நயினாரே, உம் செலவில் வீதி முழுக்கத் தேக்கு ஏறும்வரை இந்த வீட்டுக்கு நீர்தான் குடி. விதிகள் எல்லாம் உமக்கு உண்டு. ஒழுகினாலும் முறையிடக் கூடாது! கூத்தப்பா, உனக்கு என்ன வேண்டும்?"

"ஓர் ஆணி, அரசே. தொட்டிலுக்கு. நாட்டில் வாழ்பவருக்கும் குடி என்றுதான் பேர், வீட்டில் இருப்பவருக்கும் குடி என்றுதான் பேர். அடுப்பும் அழுகையும் ஆகாது என்றால் கரையான்தான் மிஞ்சும்."

ராஜா அன்றே விதிகளை நீக்கினார். கூத்தப்பன் இருந்த வீட்டைப் பூவாத்தாள் பேருக்கே எழுதிக் கொடுத்தார். தாமே ஏணியில் ஏறி ஆணி அடித்தார். சுத்தியல் கட்டைவிரலில் பட்டு 'ஆ' என்று அவர் அலறியதைக் கேட்டு, "பாத்தீங்களா, மொதல்ல அழுதது என் பிள்ளை இல்ல!" என்றாள் பூவாத்தாள். ராஜாவுக்குச் சிரிப்பு அடங்க நெடுநேரம் ஆயிற்று.

கண்ணுகளா, வீடு வாங்கப் போனால் பளபளப்பைப் பார்த்து மயங்காதீர்கள். இறங்கிப் போய்த் தட்டிப் பாருங்கள். ஒரு மழையிலாவது உள்ளே நின்று பாருங்கள். வருகிறவர்கள் கையில் பிள்ளை இருந்தால் முகம் சுளிக்காதீர்கள்.

உங்கள் வீட்டு உத்தரம் உறுதியாக இருக்கட்டும். அதில் தொட்டில் ஆடட்டும். உங்களிடம் குடி வருகிறவர் அடுப்பிலும் பால் பொங்கட்டும், உங்கள் அடுப்பிலும் பொங்கட்டும்.