நாற்பது பேர் கை நனைத்த கதை

குறும்பனூரை ஆண்ட கீர்த்திமாற ராஜாவின் கச்சேரியில் நாற்பது எழுத்தர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு போட ஒரு சமையற்கட்டு. அதற்குத் தலைவன் கைலாசம். பெயர்ப் பொருத்தம் அபாரம். அவன் குழம்பைச் சாப்பிட்டவர்களுக்கு அந்த ஊர் ரொம்ப தூரமில்லை.

மகாராணியின் பிறந்த வீட்டிலிருந்து சீரோடு சீராக வந்தவன் என்பதால் அவனை யாரும் ஒன்றும் சொல்வதில்லை. ஒருவர் மட்டும் தைரியமாக, "உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றார். மறுநாள் அவர் இலையில் எதிலும் உப்பில்லை.

"தூக்கல்னீங்க. தூக்கிட்டேன்" என்றான் கைலாசம்.

எழுத்தர்கள் வீட்டிலிருந்து கட்டுச்சோறு கொண்டுவர ஆரம்பித்தார்கள். கைலாசம் கண்ணைக் கசக்கிக்கொண்டு ராஜாவிடம் போய் நின்றான். ராஜா அவன் சமையலை ஒரு நாளும் சாப்பிட்டதில்லை. அதனால் அவன்மேல் அவருக்கு மிகுந்த மரியாதை. உடனே ஆணை பிறந்தது: "கைலாசத்தின் சமையற்கட்டில் கை நனைக்காமல் எவனும் வீடு திரும்பக் கூடாது. மீறினால் வேலை போகும்."

எழுத்தர்கள் விகடகவி தெய்வச்சிலையிடம் ஓடினார்கள். அந்தப் பந்தியில் அவருக்கும் ஓர் இலை உண்டு, பாவம்.

"அஞ்சு பிள்ளைங்க எனக்கு. வேலையும் வேணும், வயிறும் வேணும்" என்றார் தலைமை எழுத்தர்.

தெய்வச்சிலை ஆணையை இரண்டு தரம் படித்தார். "நாளைக்கு நான் செய்யறதைச் செய்யுங்க. ஆணையில ஒரு எழுத்துகூட மீற வேண்டாம்."

மறுநாள் மத்தியானம் கைலாசம் மீசையைத் தடவிக்கொண்டு வாசலில் நின்றான். தெய்வச்சிலை உள்ளே வந்தார். தண்ணீர் அண்டாவில் கையை விட்டார், உதறினார், "பிரமாதம்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். பின்னாலேயே நாற்பது பேர். நாற்பது பிரமாதம்.

கொஞ்ச நேரத்தில் எல்லோரும் ராஜா முன்னால் நின்றார்கள்.

"என் ஆணை உமக்கு விளையாட்டா?"

"கை நனைக்கச் சொன்னீங்க மகாராஜா. முழங்கை வரைக்கும் நனைச்சோம்."

"கை நனைக்கிறதுன்னா சாப்பிடறது. அதுகூடத் தெரியாதா?"

"தெரிஞ்சவர் செஞ்சு காட்டினா நல்லது. கைலாசம் காட்டட்டும். அவருக்குத் தினமும் வீட்டிலேர்ந்து தூக்குச்சட்டி வருது. இங்கே அவர் கை நனைச்சு நாங்க பார்த்ததே இல்லை."

"சரி" என்றார் ராஜா. "கைலாசம், நீ கை நனைச்சுக் காட்டு. அவன் செய்யற மாதிரியே எல்லாரும் செய்யணும். செய்யாதவனுக்கு வேலை இல்லை."

இலை போட்டார்கள். அன்றைய சோறு, அன்றைய குழம்பு. கைலாசம் உட்கார்ந்தான். குழம்பு ஓடவில்லை, ஊற்றிய இடத்திலேயே நின்றது. ராஜாவைப் பார்த்தான். பக்கத்திலிருந்த செம்புத் தண்ணீரைப் பார்த்தான். மெதுவாக அதில் விரலை விட்டான்.

"கை நனைச்சிட்டேன், மகாராஜா."

தெய்வச்சிலை பணிவாகக் கும்பிட்டார். "இதை நாங்க அப்பவே செஞ்சாச்சுங்களே."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நாளை முதல் பந்தியின் முதல் இலை கைலாசத்துக்கு, அவன் சாப்பிட்டு எழுந்த பிறகே மற்றவர்களுக்கு என்று ஆணையை மாற்றினார். கைலாசத்தின் முகம் அவன் ரசம் போல வெளுத்தது.

"உமக்கு என்ன பரிசு வேணும்?" என்று தெய்வச்சிலையைக் கேட்டார்.

"காலையிலேர்ந்து பட்டினி, மகாராஜா. இன்னிக்கு உங்க அரண்மனையில கை நனைக்கறேன்" என்றார் அவர். "தண்ணியில இல்லை."