அம்மை வீட்டு லீவு

கடலைமிட்டாய்க் கம்பெனிக்கு லீவு போடும் சாஃப்ட்வேர் வந்ததும், மேனேஜர் ஜெகதீசன் அதைத் தம் அறைக் கம்ப்யூட்டரில் வைத்துக்கொண்டார். லீவு வேண்டியவர் நேரில் வந்து, அவர் கண்முன்னே தாமே பதிய வேண்டும். பதியாமல் வேலைக்கு வராதவருக்கு வேலை இல்லை.

பாக்கிங் வேலை செய்யும் செண்பகவல்லியின் மகனுக்கு அம்மை போட்டது. போனில் கெஞ்சினாள்.

"அம்மை கண்ட வீட்டை விட்டு வெளிய வரக்கூடாதுங்க, சார். நீங்களே பதிஞ்சிருங்களேன்."

"சாஃப்ட்வேருக்கு மாரியாத்தா எல்லாம் தெரியாதும்மா. நீதான் வரணும்."

வந்தாள். இடுப்பில் வேப்பிலைக் கொத்தோடு நேரே ஏசி அறைக்குள் போனாள். ஜெகதீசன் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"ராத்திரி பூரா பிள்ளை என் மடியிலதான் கிடந்தான், சார். எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. பக்கத்துல வந்து சொல்லிக் கொடுங்க."

"நீ போம்மா! நான் போட்டுக்கறேன்."

"அதெப்படி, சார்? சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல."

அவர் அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டு, தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டத் தொடங்கினாள்.

மேனேஜர் பாக்கிங் கூடத்துக்கே ஓடிவிட்டார். அத்தனை பேரும் பார்த்திருக்க, சட்டைப் பையிலிருந்த போனை எடுத்து இரண்டு தட்டுத் தட்டினார்.

"போட்டாச்சு! பிள்ளைக்குத் தண்ணி ஊத்துற வரைக்கும் லீவு. கிளம்பு!"

பின்னாலேயே வந்த செண்பகவல்லி கூடத்து வாசலில் நின்று திரும்பினாள்.

"போன்லயே போடலாமா, சார்?"

மிட்டாய் அடுக்கிய கைகள் அப்படியே நின்றன. மறுநாள் முதல் லீவு கேட்டு ஒருவரும் அந்த அறைக்குப் போகவில்லை. அவருடைய போன்தான் ஓயாமல் அடித்தது.