பதுமைக்கு ஏது பெருவிரல் ரேகை?

முன்னொரு காலத்திலே பவளமலை நாடு, பவளமலை நாடு என்று ஒரு நாடு இருந்தது. அதை ஆண்டவர் மணிமுடி ராசா. நல்ல மனுஷர்தான். ஆனால் புதுசு ஒன்றைக் கண்டுவிட்டால் பழசைத் தூக்கி எறிகிற புத்தி!

அவர் சபையில் மதிவல்லபர் என்று ஒரு பண்டிதர். அடுத்தவனுக்கு நல்ல பேர் வந்தால் அவருக்கு வயிறு எரியும். நீதிமான்களை ஓரங்கட்டவென்றே அவர் ஒரு வெண்கலப் பதுமை செய்தார். நூறு வருஷத்துத் தீர்ப்போலைகளை அதற்குப் படிக்கக் கொடுத்தார். வழக்கு ஓலையைக் காட்டினால் போதும், படபடவென்று தீர்ப்புச் சொல்லும். ராசா பூரித்துப்போய் நீதிமான்களை எல்லாம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். தீர்ப்புக்கு ஒரு பட்டுச் சால்வை பரிசு. பதுமைக்கா? பண்டிதருக்கு ஐயா, பண்டிதருக்கு!

ஒருநாள் விளக்கெண்ணெய் விற்கிற மாடத்தியைச் சபைக்கு இழுத்து வந்தார்கள். ஆமணக்குக் கொட்டை உடைத்து எண்ணெய் காய்ச்சுவது அவள் பிழைப்பு. எதிர்வீட்டுக்காரர் அவள்மேல் ஓலை கொடுத்திருந்தார். பதுமை அதைப் படித்தது:

“மாடத்தி நாள்தோறும் கோட்டையை உடைக்கிறாள். ஊரார் உறக்கம் கெடுகிறது. ராஜதுரோகம். தலையை வாங்குக!”

சபை நடுங்கிப்போயிற்று. மாடத்திக்கோ, அந்தப் பயத்திலும் சிரிப்பு முட்டியது. அந்தக் காலத்து ஓலையிலே கொ, கோ இரண்டுக்கும் ஒரே எழுத்து. இடம் பார்த்துத்தான் படிக்கவேண்டும். ‘அட கூறுகெட்ட பொம்மையே! நான் உடைச்சது கொட்டையாச்சே! இதை இப்பவே சொன்னா என் தலை தப்பும். நாளைக்கு எவ தலையோ?’ என்று நினைத்து, சிரிப்பை விழுங்கிக்கொண்டாள்.

“ராசா, சாகப்போறவளுக்கு ஒரு சந்தேகம். இந்தத் தீர்ப்பு யாரோடது?”

மதிவல்லபர் சால்வையை உதறிப் போட்டுக்கொண்டார். “வாய்தான் பதுமையுடையது, புத்தி என்னுடையது. ஒவ்வொரு எழுத்தும் என்னுடையது!”

“அப்ப முறைப்படி ரேகை வையுங்க சாமி.”

சபையில் சலசலப்பு. தலை வாங்கும் தீர்ப்பைச் சொன்னவர் ஓலையில் பெருவிரல் ரேகை பதிக்கவேண்டும். தீர்ப்பு பிசகினால் அதே தண்டனை அவருக்கு. ராசாவின் பாட்டனார் போட்ட சட்டம் அது.

“பதுமையே வைக்கட்டுமே” என்றார் பண்டிதர். மை தடவி அதன் விரலை அழுத்தினார்கள். ஒரு கோடும் விழவில்லை, வெறும் கரி அப்பிக்கொண்டது.

“மனுஷ விரல் வையும்!” என்றார் ராசா.

பண்டிதர் விரலை மையில் தொட்டார். மாடத்தி குறுக்கிட்டாள். “வைக்கறதுக்கு முன்னால, நான் உடைச்ச கோட்டையில எந்தக் கல்லு பேந்திருக்குன்னு பார்த்துட்டு வந்துருங்க சாமி.”

ராசா சாளரத்தை எட்டிப் பார்த்தார். கோட்டை குத்துக்கல்லாட்டம் நின்றது. பண்டிதர் விரலைச் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

“மகாராஜா! சொன்னது பதுமை. எனக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?”

“ஓகோ! சால்வை வந்தால் உம்முடைய புத்தி, பழி வந்தால் பொம்மையின் புத்தியோ?” என்று ராசா எழுந்துவிட்டார்.

மாடத்தி மடியை அவிழ்த்தாள். ஆமணக்குக் கொட்டைகள் தரையெல்லாம் உருண்டோடின. “இதைத்தான் உடைச்சேன் ராசா!”

சபை கொல்லென்று சிரித்தது. ராசா சிரிக்கவில்லை. அவருக்கு வெட்கமாயிருந்தது. “பொம்மையை நம்பி ஒரு உசிரை எடுக்கப் பார்த்தேனே! நீதிமான்களை அழைத்து வாருங்கள். மாடத்தி, நீயும் அவர்களோடு உட்கார வேண்டும்.”

“உட்காருறேன் ராசா. ஆனா காலையில எண்ணெய் வித்துட்டுத்தான் வருவேன். அது என் கையால சம்பாதிச்ச பேரு” என்று தலை நிமிர்ந்து சொன்னாள்.

ராசா பண்டிதர் பக்கம் திரும்பினார். “மதிவல்லபரே, ரேகை வைக்காததால் உம் தலை தப்பியது. ஒரு மாசம் கோட்டை வாசலில் உட்கார்ந்து கொட்டை உடையும். குறில் எது, நெடில் எது என்று விரலுக்கு விளங்கட்டும்!”

அப்புறமும் பதுமை ஓலை படித்தது. ஆனால் ரேகையுள்ள ஒரு விரல் பதியாமல் எந்தத் தீர்ப்பும் சபைப் படி இறங்கவில்லை. முதல் ஓலையில் பதிந்தது மாடத்தியின் விரல்தான், விளக்கெண்ணெய்ப் பிசுக்கோடு!